அழாதே என்று சொல்வதற்கு முன்

(முனிர்காவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர்)

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பில் காட்டும் அக்கறையைப் பற்றி யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்கு மூன்று வயது நிரம்பு முன்பே நர்சரி விண்ணப்பங்களை வாங்கி, வீட்டுக்கும் பள்ளிக்கும் எத்தனை கிலோ மீட்டர், அதற்கு எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். நான்கு வயதில் ஏ பி சி டியும் அ ஆ இ ஈயும். ஐந்து வயதில் பாட்டு அல்லது பரதம். இவையெல்லாம் நல்லவைதாம். ஆனால் அதே குழந்தைக்குத் தன் மனத்தில் எழுவது கோபமா, பயமா, ஏமாற்றமா, கூச்சமா என்று பிரித்துச் சொல்லத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் அது என்ற எண்ணமே நம்மில் பலருக்கு இல்லை.

அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாடமாக அல்லாமல் விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும். அதையும் வீட்டில் நம் தாய்மொழியிலேயே செய்ய வேண்டும். இந்த மூன்றையும் வலியுறுத்தவே இக்கட்டுரை.

நான் கல்வியாளன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு குர்காவ் புறப்பட்டுவிட்டால், மாலை வரை நான்கு வயதுப் பேத்தி எங்கள் பொறுப்பு. முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பின் பூங்காவில் என்னைப் போன்ற தாத்தா பாட்டிகள் பலர் தினமும் கூடுகிறோம். தமிழர், மலையாளி, வங்காளி, பஞ்சாபி எல்லோரும் உண்டு. அங்கே உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்ததும், அதையொட்டிக் கொஞ்சம் படித்ததுமே என் மூலதனம்.

நம் வீட்டுக் குழந்தைகள் மூன்று மொழி பேசுகின்றன. பூங்காவில் சறுக்கு மரத்தில் இடம் கிடைக்காவிட்டால் "முஜே குஸ்ஸா ஆ ரஹா ஹை" என்று கத்துகின்றன. பள்ளியிலிருந்து வந்தால் "ஐ ஆம் ஸேட்" என்கின்றன. வீட்டில், தமிழில்? தமிழில் அழுகின்றன, அவ்வளவுதான். நாமும் அந்த அழுகைக்கு இரண்டே பதில்கள் வைத்திருக்கிறோம். ஒன்று, "அழாதே." மற்றொன்று, "சமர்த்துப் பிள்ளைதானே!" ஆண் பிள்ளையாக இருந்தால் மூன்றாவதாக ஒன்று: "பொம்பளைப் பிள்ளை மாதிரி அழறியே!" இந்த மூன்றும் அழுகையை நிறுத்தச் சொல்கின்றன. அழுகை ஏன் வந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. இந்த நாளில் நான்காவது பதிலும் சேர்ந்துவிட்டது. அது செல்போன். கையில் கொடுத்தால் அழுகை நின்றுவிடும். ஆனால் உள்ளே இருந்தது எங்கே போயிற்று?

இருப்புப்பாதையில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பழைய நாளில் தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டிருந்தோம். வெயிலில் இரும்பு நீண்டால் அந்த இடைவெளியில் நீளும். இப்போது கிலோ மீட்டர் கணக்கில் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட தண்டவாளங்கள். அவை நீள இடமில்லை. ஸ்லீப்பரும் சரளைக் கல்லும் இறுக்கிப் பிடித்திருப்பதால் வெயிலின் விசை முழுவதும் இரும்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மே, ஜூன் மாதப் பிற்பகலில், பிடிப்புத் தளர்ந்த ஏதோ ஓரிடத்தில், பாதை பாம்பு போல் பக்கவாட்டில் வளைந்துவிடும். அதனால்தான் கோடையில் தனி ரோந்து. அதனால்தான் தண்டவாளத்தின் பிடிகளைத் தளர்த்தி, உள்ளிருக்கும் விசையை வெளியேற விட்டு, தக்க வெப்பநிலையில் மீண்டும் இறுக்குகிறோம். 'அழாதே' என்று அடக்கப்பட்ட குழந்தையும் வெளியில் நேராகத்தான் தெரியும். வேறொரு நாள், வேறொரு காரணத்துக்கு, பக்கத்துக் குழந்தையைக் கடித்து வைக்கும்.

பள்ளிகளில் நடந்த முயற்சிகள்

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முயற்சி நடந்தது. 2018-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, தலாய் லாமாவை அழைத்து, தில்லி அரசு தன் பள்ளிகளில் 'ஹாப்பினஸ்' பாடத்திட்டத்தைத் தொடங்கியது. நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை. தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனித்தல், ஒரு கதை, ஒரு செயல்பாடு, பிறகு அதைப் பற்றிக் குழந்தைகள் பேசுதல். நர்சரி, கே.ஜி. பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் இந்த வகுப்பு. 2020 பிப்ரவரி 25-ஆம் தேதி அமெரிக்க அதிபரின் துணைவியார் மெலனியா டிரம்ப் இந்த வகுப்பைப் பார்க்க வந்தது நம் அன்பர்களுக்கு நினைவிருக்கும். அவர் வந்த அரசுப் பள்ளி முனிர்காவுக்கு அருகில், மோதி பாக் பக்கத்திலுள்ள நானக்புராவில்தான் இருக்கிறது. அன்று பாதுகாப்புக்காகச் சாலைகளை மறித்ததைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு, உள்ளே நடந்த வகுப்பைப் பற்றிப் பேசினோமா என்பது சந்தேகமே.

மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள பருவத்தை 'அடித்தள நிலை' என்று தனியாகப் பிரித்தது. 2022 அக்டோபரில் வெளியான அதற்கான பாடத்திட்டச் சட்டகம், இந்த வயதில் கற்பது விளையாட்டின் வழியாகவே நடக்க வேண்டும் என்றது. உடல் வளர்ச்சி, மொழி, அறிவு ஆகியவற்றோடு உணர்வு வளர்ச்சியையும் ஒரு நோக்கமாகவே வைத்தது. 2023 பிப்ரவரியில் 'ஜாதூயி பிட்டாரா' என்ற பெயரில் பொம்மைகள், கைப்பாவைகள், கதை அட்டைகள், புதிர்கள் கொண்ட பெட்டியும் வந்தது.

முயற்சிகள் நல்லவை. ஆனால் வீட்டை விட்டுவிட்டு இவற்றை மட்டும் நம்பி இருக்க முடியாது. அரசு மாறினால் பாடத்திட்டங்களும் மாறும். ஒரே ஆசிரியை நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் முகத்தையும் எத்தனை நேரம் பார்க்க முடியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே நடப்பது இந்தியிலோ ஆங்கிலத்திலோ. குழந்தை இரவில் கெட்ட கனவு கண்டு எழுந்து அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசுவது எந்த மொழியில்? அந்த மொழியில் அதற்குச் சொல் வேண்டாமா?

தொல்காப்பியர் கேட்கும் 'ஏன்'

'இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு' என்று நினைப்பவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியலைப் புரட்டிப் பார்க்கலாம். உள்ளத்து உணர்வு உடம்பில் தோன்றுவதே மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, தாழ்வு தோன்றும் இளிவரல், வியப்பாகிய மருட்கை, அச்சம், பெருமிதம், சினமாகிய வெகுளி, மகிழ்ச்சியாகிய உவகை என்று எட்டு. அவர் எழுதியது செய்யுளுக்கு இலக்கணம், குழந்தை வளர்ப்பு நூல் அன்று. ஆயினும் அவர் செய்த ஒரு காரியம் நமக்குப் பயன்படும். உணர்வுகளின் பெயரோடு அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் இடங்களாக நந்நான்கைச் சொல்கிறார்.

அழுகையை எடுத்துக்கொள்வோம். அது பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது இளிவு. உள்ளதை இழப்பது இழவு. முன்பிருந்த நிலை மாறி வருந்துவது அசைவு. இல்லாமை வறுமை. இதை ஒரு நான்கு வயதுக் குழந்தைக்குப் பொருத்திப் பாருங்கள். 'உன் டிபன் பாக்ஸில் என்ன வெள்ளை வெள்ளையாய்?' என்று வகுப்பில் ஒருவன் இட்லியைப் பார்த்துச் சிரித்தான். அது இளிவு. மெட்ரோவில் பொம்மை தொலைந்தது. அது இழவு. அப்பாவுக்கு மாற்றலாகி ஊரும் தோழியும் போயிற்று. அது அசைவு. பக்கத்து வீட்டில் சைக்கிள் இருக்கிறது, நம் வீட்டில் இல்லை. அது வறுமை. நான்கும் ஒரே மாதிரி கண்ணீராகத்தான் வெளிவரும். ஆனால் நான்குக்கும் நாம் சொல்ல வேண்டிய ஆறுதல் வேறு வேறு. காரணம் தெரியாமல் நான்குக்கும் ஒரே சாக்லேட்டைக் கொடுப்பது, எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலத்தான்.

இதில் 'அசைவு' நமக்கென்றே சொன்னது போல் இருக்கிறது. ரயில்வேயிலும் ராணுவத்திலும் மத்திய அரசுப் பணியிலும் இருக்கும் நம் குடும்பங்கள் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஊர் மாறுகின்றன. சாமான்களை எண்ணிப் பெட்டியில் கட்டுகிறோம். குழந்தை எதை விட்டுவிட்டு வருகிறது என்று எண்ணுவதில்லை.

கடைகளில் விற்கும் மஞ்சள் முகப் படங்களைக் காட்டி 'இது ஹாப்பி, இது ஆங்ரி' என்று சொல்ல வைப்பது மட்டும் போதாது என்று நான் கருதுவதும் இதனால்தான். முகத்தைப் பார்த்து உணர்வைக் கண்டுபிடிக்க முடியும் என்று அமெரிக்க உளவியலார் பால் எக்மன் நெடுங்காலம் சொல்லி வந்தார். லிசா ஃபெல்ட்மன் பாரெட் போன்ற பின்வந்த ஆய்வாளர்கள், ஒரே முகம் வெவ்வேறு உணர்வைக் குறிக்கலாம் என்று மறுத்திருக்கிறார்கள். நம் அனுபவமும் அதுதானே? பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை கோபமாக இருக்கலாம், பயந்திருக்கலாம், வெறும் தூக்கமாகவும் இருக்கலாம். முகத்தோடு 'ஏன்' என்ற கதையும் சேர்ந்தால்தான் உணர்வு தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உவகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாகத் தொல்காப்பியர் விளையாட்டைச் சேர்த்திருக்கிறார்.

விளையாட்டு எதற்கு?

'நேராக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன?' என்று கேட்கலாம். சிறு குழந்தைக்கு அது ஏறாது. ரஷ்ய உளவியலார் வைகாட்ஸ்கி, விளையாட்டில்தான் குழந்தை தன்னைத்தானே கட்டுப்படுத்தக் கற்கிறது என்றார். அவர் வழியில் வந்த மனுயிலென்கோ என்ற ஆய்வாளர் அதைச் சோதித்து, 1948-இல் வெளியிட்டார். குழந்தைகளை 'அசையாமல் நில்' என்றால் சிறிது நேரமே நின்றார்கள். 'நீ காவல்காரன், காவல் நிற்கிறாய்' என்று விளையாட்டாகச் சொன்னபோது அதைவிட மிக அதிக நேரம் நின்றார்கள். கட்டளைக்கு அடங்காத கால், வேடத்துக்கு அடங்கியது.

உணர்வுக்குப் பெயர் வைப்பதால் என்ன பயன் என்பதற்கும் சான்று உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ அச்சமோ காட்டும் முகத்தைப் பார்ப்பவர்கள் அந்த உணர்வுக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் கிளர்ச்சி தணிந்தது. அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு. எனினும், 'எனக்குப் பயமா இருக்கு' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு பயம் பாதியாகிவிடுவது நாம் எல்லோரும் அறிந்ததே.

வீட்டில் செய்யக்கூடிய சில விளையாட்டுகள்

பணம் செலவில்லாமல், தாத்தா பாட்டியே நடத்தக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். ஒன்றுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குழந்தை 'போதும்' என்றால் விட்டுவிட வேண்டும்.

முதலாவது, கண்ணாடி விளையாட்டு. குழந்தையும் நாமும் கண்ணாடி முன் நிற்பது. 'ஐஸ்கிரீம் கீழே விழுந்துடுச்சு' என்று ஒருவர் சொல்ல, இருவரும் அதற்கேற்ற முகம் காட்ட வேண்டும். பிறகு 'இப்போ என்ன தோணுது?' என்று கேட்டு, சொல்லை நாம் எடுத்துக் கொடுக்கலாம்: ஏமாற்றம். 'பெரிய நாய் குரைக்குது.' பயம். 'ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கா.' சந்தோஷம். 'எல்லார் முன்னாடியும் பாடச் சொன்னாங்க.' கூச்சம். சம்பவம் முதலில், முகம் அடுத்து, சொல் கடைசியில். இந்த வரிசை முக்கியம்.

இரண்டாவது, சொப்பு விளையாட்டு. இதில் வேடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பேத்தி அம்மா, நான் சாப்பிட அடம் பிடிக்கும் குழந்தை. அவள் என்னை மிரட்டும் விதத்தைக் கேட்டால் வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பது நமக்கே தெரிந்துவிடும். ஒரு நாள், "அழுதா போலீஸ் மாமா வந்துடுவார் தாத்தா" என்றாள். நான் பயந்த குழந்தையாக நடித்து, "போலீஸ்னா எனக்குப் பயமா இருக்கு. நீ என் பக்கத்துல உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். பயந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அன்று அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

மூன்றாவது, சிலை விளையாட்டு. தில்லிக் குழந்தைகள் 'ஸ்டாச்சு' என்று விளையாடுவதுதான். கை தட்டும்போது ஓட வேண்டும், நிறுத்தினால் 'கோபச் சிலை', 'வெட்கச் சிலை', 'ஆச்சரியச் சிலை' என்று சொல்வதற்கு ஏற்ப நிற்க வேண்டும். உணர்வும் பழகும், உடம்பை நிறுத்தவும் பழகும்.

நான்காவது, பரமபதம். ஏணியில் ஏறும்போது மகிழ்ச்சி, பாம்பு கடித்தால் ஏமாற்றம், மற்றவன் ஏறினால் பொறாமை. ஒரே பலகையில் எத்தனை உணர்வுகள்! நம் முன்னோர் வைத்த பள்ளிக்கூடம் அது. குழந்தை அழும் என்று பயந்து பெரியவர்கள் எப்போதும் வேண்டுமென்றே தோற்கக் கூடாது. பாம்பு கடித்தால் நாமே வாய்விட்டு, "சே, எனக்கு ஏமாற்றமா இருக்கு! சரி, மறுபடி போடுவோம்" என்று சொல்லிக் காட்டலாம்.

ஐந்தாவது, என் தொழிலிலிருந்து வந்த விளையாட்டு. நான்கு அட்டை வட்டங்கள் வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது. பச்சை என்றால் வண்டி போகலாம், மனம் சரியாக இருக்கிறது. இரட்டை மஞ்சள் என்றால் கவனம். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும், கோபம் வரப் போகிறது. சிவப்பு என்றால் நில். குழந்தை பேச முடியாத கோபத்தில் இருக்கும்போது வட்டத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். வீட்டுப் பெரியவர்களும் தொட வேண்டும். அலுவலகத்திலிருந்து களைத்து வரும் அப்பா ஒற்றை மஞ்சளைத் தொட்டுவிட்டு உள்ளே போனால், அன்று குழந்தை அவரைப் புரிந்துகொள்ளும்.

நவராத்திரி வந்தால் கொலுப்படியே ஒரு வகுப்பு. கடை வைத்திருக்கும் செட்டியார் பொம்மைக்கு இன்று வியாபாரம் ஆகவில்லை என்றால் எப்படி இருக்கும், தலையாட்டிப் பொம்மையைத் தள்ளிவிட்டால் அது என்ன நினைக்கும் என்று கதை கட்டச் சொல்லலாம். குழந்தை தன் கதையைப் பொம்மையின் மேல் ஏற்றிச் சொல்லும். நேரில் கேட்டால் சொல்லாததைப் பொம்மை வாயால் சொல்லிவிடும்.

நாம் சின்ன வயதில் 'கா' விட்டதும் 'பழம்' விட்டதும் நினைவிருக்கிறதா? சில ஊர்களில் 'டூ', 'சேத்தி' என்பார்கள். தில்லியில் சிறு விரலைக் காட்டி 'கட்டி' என்கிறார்கள். கோபத்தை அடிதடி இல்லாமல் தெரிவிக்கவும், தலை குனியாமல் சமாதானத்துக்கு வரவும் குழந்தைகளே கண்டுபிடித்த ஏற்பாடு அது. பெரியவர்கள் நடுவில் புகுந்து, 'அதெல்லாம் கூடாது, ஸாரி சொல்லு' என்று கெடுக்காமல் இருந்தால் போதும்.

சில ஐயங்கள்

'நாங்களெல்லாம் இப்படியா வளர்ந்தோம்? கெட்டா போனோம்?' என்பது பூங்காவில் நான் அதிகம் கேட்கும் கேள்வி. நாம் வளர்ந்தபோது வீட்டில் பத்துப் பேர். அடித்தால் தூக்கிக்கொள்ள அத்தை, கேட்காமல் கதை சொல்லப் பாட்டி, தெரு நிறைய விளையாட்டுத் துணை. அந்த வேலையைப் பலர் பிரித்துச் செய்ததால் அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. இங்கே மூன்றாம் மாடி ஃபிளாட்டில், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக, ஓர் ஆயாவும் ஒரு செல்போனும் அந்தப் பத்துப் பேரின் இடத்தில் இருக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் அறிவுறுத்தியது. திரையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டும் அல்லவா? விளையாட்டை வையுங்கள்.

'உணர்ச்சியைச் சொல்ல விட்டால் பிடிவாதம் அதிகமாகாதா?' என்று சிலர் கேட்கிறார்கள். கோபம் வருவது வேறு, அடிப்பது வேறு. சிவப்பு விளக்கு எரிவது குற்றமல்ல; சிவப்பைத் தாண்டி வண்டி ஓட்டுவதுதான் குற்றம். "உனக்குக் கோபம் வந்தது சரி. அடிச்சது சரியில்லை. கோபம்னு வாயால சொல்லு" என்று இரண்டையும் பிரித்துச் சொன்னால் மூன்று வயதுக் குழந்தைக்கும் மெல்ல விளங்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாக் குழந்தையும் ஒரே வேகத்தில் வராது. சந்தோஷம், வருத்தம், கோபம் முதலில் பிடிபடும். வெட்கம், பெருமை, பொறாமை பின்னால் வரும். ஒரே நேரத்தில் இரண்டு உணர்வு இருக்கலாம் என்பது பள்ளி வயதில்தான் புரியும். சில குழந்தைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு வருவதில்லை, மற்றவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்களை விளையாட்டு என்ற பெயரில் வற்புறுத்தாமல் குழந்தை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

நம் வீட்டுக்கு வெளியே

இது வசதி படைத்த குடும்பங்களின் பொழுதுபோக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 ஜூன் 1-ஆம் தேதி, ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் உயர்நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்றார்கள். அதுவும் நகரின் மறுகோடியில் உள்ள நரேலாவில். பல ஆண்டுகளாக நம் வீடுகளில் வேலை செய்த தமிழ்ப் பெண்களின் குடும்பங்களும் அங்கே இருந்தன. கண் முன்னே வீடு இடிவதைப் பார்த்த மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன சொல் இருந்திருக்கும்? இழவும் அசைவும் வறுமையும் ஒரே நாளில் வந்தன. வீடு கிடைத்ததா, பள்ளி கிடைத்ததா என்று கேட்டோம். சரிதான், அவைதாம் முதலில் வேண்டும். ஆனால் அந்தக் குழந்தைகளோடு உட்கார்ந்து விளையாடியவர் எத்தனை பேர்?

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் உள்ளிட்ட கடலோரப் பகுதிகளில் மனநலப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் குழந்தைகளுக்கு விளையாட்டு, ஓவியம், கதை ஆகியவற்றின் வழியாகத்தான் மனத்தில் உள்ளதைக் கொட்ட வழி செய்தார்கள். தில்லியிலேயே 1969-இல், ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டு விழாவுக்கான கட்டட வேலை நடந்தபோது, புழுதியில் கிடந்த தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுவே 'மொபைல் கிரெஷஸ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. கூடாரம் போட இடமும் குழந்தையோடு விளையாட மனமும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

சங்கம் செய்யக்கூடியது

என் வேண்டுகோள் மூன்றே.

ஒன்று, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதல் அரை மணி நேரம் நோட்டும் பென்சிலும் வேண்டாம். ஒரு விளையாட்டு, ஒரு கதை, ஓர் உணர்வுச் சொல். இரண்டு வாரத்துக்கு ஒரு சொல் என்று வைத்தாலும் ஆண்டுக்கு இருபதுக்கு மேல் வரும். கோபம், பயம், சந்தோஷம் என்று தொடங்கி, ஏக்கம், தவிப்பு, ரோஷம், பூரிப்பு என்று போகலாம். இந்தக் கடைசி நான்கும் தெரியாமலே நம் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் பாட்டி தொலைபேசியில் "உன்னைப் பார்க்காம ஏக்கமா இருக்குடா கண்ணா" என்றால், அந்த ஒரு சொல் புரியாததால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. 'தமிழ் படிக்க மாட்டேன் என்கிறான்' என்று வருந்தும் பெற்றோர், அவன் மனத்தைச் சொல்ல அந்தத் தமிழ் என்றாவது உதவியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டு, அந்த அரை மணியை நடத்தத் தாத்தா பாட்டிகளை அழைக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ஓய்வு பெற்று, மாலையில் மலை மந்திருக்கும் காலையில் பூங்காவுக்கும் போய்வரும் எங்களைப் போன்றோர் நிறைய. பல்லாங்குழியும் பரமபதமும் தெரிந்த கடைசித் தலைமுறை நாங்கள்தானோ என்று அஞ்சுகிறேன்.

மூன்று, மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த விளையாட்டு வகுப்பை நரேலாவுக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டிச் செலவுக்குச் சிலர் முன்வந்தால் போதும். பொம்மைகள் நம் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன.

செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் விளையாட்டுகளை மற்றப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நான் தயார். பெற்றோர்கள் செயற்குழுவின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, குழந்தையிடம் 'இன்னிக்கு என்ன படிச்சே?' என்பதற்குப் பதிலாக 'இன்னிக்கு எப்போ சந்தோஷமா இருந்தே? எப்போ கோபம் வந்தது?' என்று கேளுங்கள். முதல் நாள் பதில் வராது. அதற்குள் உங்கள் நாளைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். நான்கைந்து நாளில் அது தானாகப் பேசத் தொடங்கும்.